கிரீன்ஸ்பர்க் நிழல் மரங்களுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தின் தென்பகுதியில், கோதுமை வயல்களுக்கு நடுவில், 54ஆம் எண் நெடுஞ்சாலையோரம் இருக்கும் எங்கள் கிரீன்ஸ்பர்க், கயோவா கவுன்ட்டியின் தலைமையிடம். 2007 மே 4 இரவு ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் அகலச் சுழற்காற்று ஊரின் மேல் ஏறிச் சென்றதில், கட்டடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அழிந்தன. அபாயச் சங்கு முன்கூட்டியே ஒலித்ததால் பெரும்பாலோர் நிலவறைகளுக்குள் இறங்கி உயிர் பிழைத்தோம். பிழைக்காதவர்களை இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதன் பிறகு பள்ளி, மருத்துவமனை, நகர மன்றம் எல்லாம் மின்சாரத்தையும் நீரையும் சிக்கனமாகச் செலவிடும் முறையில் புதிதாக எழுந்தன. 1914இல் கட்டப்பட்டு, அந்தக் காற்றிலும் நின்ற நீதிமன்றக் கட்டடம் செப்பனிடப்பட்டது. திரும்பக் கட்ட முடியாமல் போனவை மரங்கள்தாம். பட்டை முழுதும் உரிந்து, முறுக்கிய தகரம் சுற்றிக்கொண்டிருந்த அடிமரங்களில் சில, கிளைகளே இல்லாமல் தண்டிலிருந்து கொத்துக்கொத்தாகத் துளிர்விட்டதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. ஆனால் அவை எவ்வளவு துளிர்த்தாலும், ஆகஸ்ட் வெயிலில் பள்ளிக்கு எதிரே வண்டியை நிறுத்திப் பிள்ளைகளுக்காகக் காத்திருப்பவருக்குப் பழைய நிழல் கிடைக்கவில்லை.

நீதிமன்றத்தைச் சுற்றியும், அங்கிருந்து பள்ளிக்குச் செல்லும் தெருக்களிலும், இந்த மண்ணுக்குப் பழகிய பர் ஓக், ஹேக்பெரி, காட்டன்வுட் கன்றுகளை நட எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. கன்று வாங்குவது பெரிய செலவன்று. அதை மூன்று கோடை உயிரோடு வைத்திருப்பதே செலவு. தண்டின் விட்டம் ஓர் அங்குலமுள்ள கன்றுக்கு வறண்ட வாரங்களில் ஏறத்தாழ 38 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பதால், உங்கள் நன்கொடையின் பெரும்பகுதியைத் தண்ணீருக்கும் அதைக் கொண்டுசெல்லும் தொட்டிக்குமே ஒதுக்குவோம். 109 அடி ஆழமும் 32 அடி அகலமுமாக 1887இல் கைகளால் தோண்டத் தொடங்கிய பெரிய கிணற்றின் நீரை 1932 வரை குடித்த ஊர் இது. தண்ணீரின் அருமையை எங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,574 பேர் இருந்த ஊரில் 2020இல் 740 பேரே இருந்தோம். ஆகவே, வேறு ஊர்களுக்குக் குடிபெயர்ந்த எங்கள் சொந்தங்களிடம் முதலில் கை நீட்டுகிறோம். உங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற மரம் எது என்று ஒரு வரி எழுதியனுப்பினால், முடிந்தவரை அந்த இனத்தையே அந்தத் தெருவில் நடுவோம். சுற்றுப்புற விவசாயிகள் பணமாகத் தர இயலாவிட்டால், வேரடியை மூடக் கோதுமை வைக்கோலோ, தண்ணீர் இழுக்க ஒரு நாள் டிராக்டரோ தந்தாலும் நன்றியோடு ஏற்போம்.

காசோலைகளைக் குழுவின் பெயருக்கே எழுதி, உறுப்பினர் எவரிடமும் தந்து ரசீது பெற்றுக்கொள்ளலாம். வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் இலையுதிர்காலக் கோதுமை விதைப்பு முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் வாசிப்போம். பட்டுப்போன கன்றுகளின் எண்ணிக்கையும் அதில் இருக்கும்.

இப்படிக்கு,
நிழல் மரக் குழுவினர்,
கிரீன்ஸ்பர்க்