'கோலிஃபார்ம் இல்லை' என்றால் மட்டும் போதுமா?

குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தும் பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். உங்கள் நீர்த்தர அறிக்கையில் 'கோலிஃபார்ம் இல்லை' என்று பார்த்ததும் நாங்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ஆனால் அது கோலிஃபார்ம் என்ற, கழிவுநீர் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியாவுக்கான சோதனை. அந்த வகையைச் சேர்ந்த ஈ.கோலை குளோரினில் சீக்கிரம் செத்துவிடும். குடலைத் தாக்கும் வைரஸ்கள் பல அதைவிடக் கெட்டியானவை.

1955 கடைசியில் டெல்லியில் இதுதான் நடந்தது. யமுனை வெள்ளத்தை அடுத்து, நீர் எடுக்கும் இடத்துக்கே கழிவுநீர் வந்து சேர்ந்தது. நிலையத்தில் சுத்திகரிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. பாக்டீரியாவால் வரும் டைஃபாய்டு பரவவில்லை, ஆனால் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை. காரணமான வைரஸுக்கு ஹெபடைடிஸ் இ என்ற பெயரெல்லாம் அப்புறம் வந்தது.

போலியோ வைரஸின் அளவு சுமார் 30 நானோமீட்டர். மணல் வடிகட்டியின் இடுக்குகள் அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியவை. படிகாரம் போட்டுத் திரளும் கசடில் ஒட்டிக்கொண்டால்தான் வைரஸ் வண்டலாகப் படியும், மணலிலும் சிக்கும். படிகார அளவோ பிஎச் அளவோ தப்பினால், மணல் மட்டும் என்ன செய்யும்?

அமெரிக்க விதிகள் வைரஸில் 99.99 சதவீதம் ஒழிய வேண்டும் என்கின்றன. நன்றாக நடக்கும் வழக்கமான வடிகட்டலுக்கு அவை தரும் மதிப்பு 99 சதவீதம்தான். அதாவது பத்தாயிரத்தில் நூறு மிஞ்சும். அந்த நூறை ஒன்றாக்குவது கிருமிநீக்கத்தின் பொறுப்பு. 10 டிகிரி செல்சியஸில் இதற்குத் தனிக் குளோரின் (அம்மோனியாவோடு சேராமல் நீரில் இருப்பது) என்றால், லிட்டருக்கு மில்லிகிராம் அளவை நிமிடங்களால் பெருக்கி 3 வந்தால் போதும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்து உண்டாகும் குளோரமைனுக்கோ 643 வர வேண்டும்! கழிவுநீர் கலந்த நீரில் அம்மோனியா இருக்கும். போடுகிற குளோரின் அதோடு சேர்ந்து குளோரமைனாகிவிடும். மொத்தக் குளோரினை மட்டும் அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

எனவே தனிக் குளோரினையும் அம்மோனியாவோடு சேர்ந்த குளோரினையும் வேறு வேறாக அளந்து வெளியிடுங்கள். கூடவே, நீர் தொட்டியில் உண்மையில் தங்கும் நேரத்தையும் சொல்லுங்கள். தொட்டியின் கொள்ளளவை ஓட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் கணக்கு நேரம் வேண்டாம். தடுப்புச் சுவர் சரியாக இல்லாத தொட்டியில் ஒரு பகுதி நீர் குறுக்கே ஓடி முன்னதாகவே வெளியேறிவிடும். கலங்கலையும் எல்லா வடிகட்டிகளுக்கும் சராசரியாகத் தராமல், ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கொடுங்கள். வடிகட்டியைக் கழுவி மறுபடி ஓட்டும் முதல் சில நிமிடங்களின் அளவும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் குழாய்நீரைக் குடிக்கும் ஒருவர்