பெரிய வெள்ளி இரவே வந்துவிடு, பிள்ளை

அன்பு மகளுக்கு,

ஈஸ்டர் சனிக்கிழமை இரவு ஊர் கூடிக் கொப்புக் குவியலை எரிக்கும் ஈஸ்டர் தீ நேரத்துக்கு வந்து சேர்ந்தால் போதும்தானே என்று போனில் கேட்டாய். போதாது, பிள்ளை. பெரிய வெள்ளி இரவே வந்துவிடுங்கள். தம்பிக்கு, என் பேரனுக்கு, நான் காட்ட நினைப்பது சனி காலையில் நடக்கிற வேலையை.

ஜெர்மனியின் தெற்கே நீ இருக்கும் ஸ்டுட்கார்ட் பக்கம் இந்த வழக்கம் குறைவு. இங்கே லிப்பே மாவட்டத்தில் ஈஸ்டர் தீ இல்லாத கிராமத்தைக் காண்பது கஷ்டம். ஜனவரியில் தீயணைப்புப் படையின் இளையோர் பிரிவுப் பிள்ளைகள் வீடு வீடாகச் சேர்த்த கிறிஸ்மஸ் மரங்கள், பிறகு தோட்டங்களில் வெட்டிய கொப்புகள் என்று குவியல் ஏறிக்கொண்டே போகும். பெயின்ட் அடித்த பலகை, உடைந்த அலுமாரி எதையும் போட விடமாட்டார்கள். அது சரியான கண்டிப்பு.

அந்தக் குவியலைக் கொளுத்தும் சனி காலையில் அடிவரை பிரித்து, பக்கத்தில் மறுபடி அடுக்க வேண்டும். கிழமைக்கணக்கில் கிடக்கும் கொப்புகளுக்குள் முள்ளெலி, தேரை, முயல் எல்லாம் புகுந்துவிடும், சின்னக் குருவிகள் கூடும் கட்டிவிடும். அப்படியே கொளுத்தினால் முள்ளெலி தப்பி ஓடாது. ஆபத்தென்றால் இருந்த இடத்தில் சுருளத்தான் அதுக்குத் தெரியும். போன வருடம் அடிக்கொப்புகளைத் தூக்கியபோது ஒன்று காய்ந்த இலைகளுக்குள் உருண்டையாகக் கிடந்தது. தடித்த கையுறை போட்டுத் தூக்கி, வேலியோரப் புதருக்குள் வைத்தோம். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு மூக்கு மட்டும் மெல்ல வெளியே வந்தது, ஈரமாக, இரண்டு பக்கமும் மோந்து பார்த்துக்கொண்டு. இதைத் தம்பி தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

புகையைப் பற்றி நீ கவலைப்படுவது நியாயம்தான். ஈரக்கொப்பு எரிந்தால் கண்ணே திறக்க முடியாது. காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து வருகிற இடமாகப் பார்த்து நிற்போம், தம்பிக்கு இருமல் என்றால் உடனே வீட்டுக்குக் கூட்டி வருகிறேன். மழையில்லாமல் காடு காய்ந்து கிடக்கிற வருடங்களில் தீயை நிறுத்தியும் விடுகிறார்கள். ஆனால் வெறும் புகையும் பியரும்தானே என்று நீ சொன்னதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் மாநிலத்தில் ஒருவர் தன் தோட்டத்துக் குப்பையை எரித்துவிட்டு அதை ஈஸ்டர் தீ என்று சொல்ல முடியாது. ஊரில் யாரும் வந்து நிற்கலாம் என்றால்தான் அது மரபு வழக்கம் என்று கணக்கில் வரும். எனக்கு இந்த விதி மெத்தப் பிடிக்கும். வருடம் முழுக்க வேலிக்கு மேலால் தலையாட்டிவிட்டுப் போகும் சனம், அன்று இரவு பக்கத்தில் நின்று கதைக்கும். நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் அம்மாவிடம் முதலில் பெயர் கேட்டவர்களும் அந்தத் தீயடியில் நின்றவர்கள்தான்.

இருட்டினதும் கொளுத்துவார்கள். கிறிஸ்மஸ் மர இலைகள் எண்ணெய்ப் பசையோடு காய்ந்திருப்பதால் சடசடவென்று பிடிக்கும், ஊரில் கார்த்திகைக்குச் சொக்கப்பனை எரிகிற மாதிரி. பிள்ளைகளுக்குத் தணல்தான் கொண்டாட்டம். ஈஸ்ட் போட்ட மாவைத் தடியில் பாம்பு போலச் சுற்றிப் பிடித்துச் சுடுவார்கள். அவசரப்பட்டுச் சுவாலையில் நீட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். தணலுக்கு மேல் திருப்பித் திருப்பிப் பிடிக்கத் தம்பிக்கு நான் பழக்கிவிடுகிறேன். தடி இப்பவே சீவி வைத்துவிட்டேன்.

ஞாயிறு இரவு களைப்பில்லாவிட்டால் பக்கத்திலிருக்கும் லூக்டே என்ற ஊருக்குப் போவோம். அங்கே 6 பெரிய ஓக் மரச் சக்கரங்களில் வைக்கோல் அடைத்து, கொளுத்தி, மலையிலிருந்து உருட்டி விடுவார்கள். மரம் எரிந்து போகாமலிருக்க முன்கூட்டியே எம்மர் ஆற்றில் ஊறப்போட்டு எடுப்பார்கள். 2018இல் ஜெர்மனியின் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்த வழக்கம் அது. சனம் கனக்க வரும், தம்பியை என் தோளில் வைத்துக்கொள்கிறேன்.

பழைய ஜாக்கெட் கொண்டு வாருங்கள், புகை மணம் லேசில் போகாது. தம்பியின் கைக்கு அளவான கையுறையும் ஒன்று வேண்டும், இங்கே கடையில் கிடைக்கவில்லை. பெரிய வெள்ளிக்கு ரயில் நிரம்பி வழியும். இருக்கையை இந்தக் கிழமையே பதிந்துவிட்டு எனக்கு நேரத்தைச் சொல்லு, ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா