ஈ.வி.டி. போடும் டாக்டர்களுக்கு, சி.டி. அறையிலிருந்து

நியூரோசர்ஜரி படிக்கும் டாக்டர்களுக்கு வணக்கம்.

நான் சி.டி. டெக்னீஷியன். மண்டையைத் துளைப்பது உங்கள் வேலை, அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் மூளைநீரை வெளியே வடிக்கும் ஈ.வி.டி. குழாய் போட்டபின் எடுக்கும் ஸ்கேனை முதலில் பார்ப்பவன் நான்தான். குழாயின் முனை, மூளைக்குள் நீர் இருக்கும் அறையான வென்ட்ரிக்கிளைத் தாண்டி எதிர்ப்பக்க மூளையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மறுபடி குத்தினால் மறுபடி மூளையைத்தான் கிழித்துக்கொண்டு போகவேண்டும்.

எங்கே துளைப்பது என்று சொல்லும், சர்ஜன் கோச்சர் பெயரிலான கோச்சர் புள்ளிக் கணக்கு உங்களுக்கு மனப்பாடம். மூக்கு நெற்றியைச் சேரும் பள்ளத்திலிருந்து பின்னோக்கி சுமார் 11 செ.மீ., நடுக்கோட்டிலிருந்து 2.5 முதல் 3 செ.மீ., அங்கிருந்து எலும்புக்குச் செங்குத்தாக உள்ளே 6 செ.மீ. வென்ட்ரிக்கிள் வீங்கியிருந்தால் இதுவே போதும். குறுகிப்போயோ, ரத்தக்கட்டு தள்ளி ஒருபக்கமாக ஒதுங்கியோ இருந்தால் போதாது. கோச்சர் இறந்தது 1917இல், முதல் நோயாளிக்குத் தலை சி.டி. எடுத்தது 1971இல். அவருக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு அந்த நோயாளியின் படமே கையில் இருக்கிறது.

சரி, ஸ்கேனில் அளக்கலாம் என்றால் அங்கேயும் வழுக்கும் இடம் உண்டு. டேப்பால் அளக்கும் 11 செ.மீ. தலையின் வளைவோடு போகிறது. திரையில் மவுஸால் இழுக்கும் கோடு நேராகப் போகிறது. நேர்கோட்டில் 11 வரும் இடத்தைக் குறித்தால் புள்ளி பின்னால் நகர்ந்து, கைகாலை அசைக்கும் பகுதியை நெருங்கிவிடும். இதைச் சொன்னபோது ஒரு டாக்டர் சிரித்தார், அப்புறம் டேப்பை எடுத்துவந்து பார்த்தார்.

ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவில் அளவெடுப்பது ஜோசியம். அதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. நினைவு தப்பிய நோயாளியின் தலை கோணலாகத்தான் கிடக்கும். அப்படியே அளந்தால் நடுக்கோடே தப்பு. உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவது 5 மி.மீ. தடிமனுள்ள துண்டுப் படங்கள். 1 மி.மீ. துண்டுகள் எங்கள் மெஷினில் கொஞ்ச நாள் இருக்கும். அதை வைத்துப் படத்தை நிமிர்த்தி, நீங்கள் காட்டும் புள்ளியிலிருந்து, குழாய் முனை பக்கத்தில் நிற்கவேண்டிய மன்றோ துளை (வென்ட்ரிக்கிளிலிருந்து நீர் வெளியேறும் வழி) வரை எத்தனை மில்லிமீட்டர், எலும்புக்கு எத்தனை டிகிரி சாய்வு என்று எடுத்துத் தர ஐந்து நிமிடம்கூட ஆகாது. சரிபார்த்துக் கையெழுத்திடுவது நீங்கள்.

டிரில்லை எடுப்பதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கள். இரவு இரண்டு மணியானாலும் விழித்துத்தான் இருப்போம்.

இப்படிக்கு,
சி.டி. அறை, இரவு ஷிப்ட்