புகார் குடுத்தவன் பேரை மில்லுக்குச் சொல்லாதீங்க ஐயா

எங்க பகுதி தொழிற்சாலை ஆய்வாளர் ஐயாவுக்கும், அவருக்கு மேல இருக்கற அதிகாரிங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஸ்பின்னிங் மில்லுல 14 வருஷம் கார்டிங்ல, அதாவது பஞ்சைச் சிக்கெடுக்கற பிரிவுல, வேலை பாத்தவன். மில்லு பேரு இங்க போடல, உங்களுக்கே தெரியும். ரெண்டு மாசம் முன்னாடி உங்க ஆபீசுக்கு ரெண்டு பக்கம் கைப்பட எழுதி அனுப்பினேன், அதை மறுபடி முழுசா சொல்லத் தேவையில்ல. கார்டிங் மெஷின் கதவைத் திறந்தா மெஷின் தானா நிக்கணும், அந்த சுவிட்சுல கம்பியைக் கட்டி நிக்காம ஓட விட்டிருக்காங்க, அப்படி ஓடறப்பவே பஞ்சு அடைச்சா கையை விட்டு எடுக்கச் சொல்றாங்க, ராத்திரி ஷிப்ட்ல கரண்டு மிச்சம்னு தூசி இழுக்கற ஃபேன்ல பாதியை நிறுத்திடறாங்க. இவ்வளவுதான் எழுதினேன். கடைசி வரியில "என் பேரை மில்லுக்குத் தெரியப்படுத்த வேண்டாம்"னு எழுதி அடியில கோடும் போட்டிருந்தேன்.

நீங்க வந்தீங்க, அதுக்கு நன்றி, நெஜமாவே. ஆனா நீங்க வரப்போறது எங்களுக்கு முந்தின நாளே தெரியும் ஐயா. கம்பியெல்லாம் அன்னிக்கே அவுத்தாச்சு, ஃபேன் எல்லாம் ஓடுது, காலையில எல்லாருக்கும் புது மாஸ்க். சாயங்காலம் நீங்க கார் ஏறிப் போன பின்னாடி மேஸ்திரி அட்டைப்பெட்டியோட வந்து அந்த மாஸ்க்கை எண்ணித் திருப்பி வாங்கிட்டாரு.

என் பக்கத்து மெஷின் அண்ணனை நீங்க பாத்தீங்க, பேசுனீங்க. 22 வருஷ சர்வீஸ். ஞாயித்துக்கிழமை லீவு முடிஞ்சு திங்கக்கிழமை உள்ள வந்தா நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கற மாதிரி இருக்கும்பாரு, முன்னெல்லாம் செவ்வாய் புதன்ல சரியாயிடும், இப்ப வாரம் பூரா அப்படித்தான். படுத்தா மூச்சு முட்டுதுன்னு சுவத்துல தலகாணி வச்சு சாஞ்சபடியே தூங்கறாரு. இது பஞ்சு தூசியால வர்ற பைசினோசிஸ்ங்கற நுரையீரல் நோய், பழைய தொழிற்சாலைகள் சட்டத்துல தகவல் குடுக்க வேண்டிய நோய்ங்க பட்டியலான மூணாவது அட்டவணையிலேயே இருந்துச்சு, பாத்த டாக்டர் உங்களுக்குத் தகவல் குடுக்கணும்னு விதி, இதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியது இல்ல. அவருக்கு மில் டாக்டர் குடுத்தது இருமல் டானிக்.

நீங்க அவர்கிட்ட "உங்களுக்கு ஏதாச்சும் பிரச்சனை இருக்கா"ன்னு கேட்டப்ப உங்களுக்கு ஒரு பக்கம் மேனேஜர், இன்னொரு பக்கம் பர்சனல் ஆபீசர். அண்ணன் இருமலை அடக்கிக்கிட்டு நின்னாரு, கழுத்து நரம்பு பொடச்சு கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. "ஒண்ணும் இல்லீங்க சார், நல்லா இருக்கேன்"னாரு. நீங்க அதை எழுதி கையெழுத்து வாங்கிக்கிட்டீங்க. அவர் பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் நர்சிங் பீஸ் கட்டணும் ஐயா, அவர் வேற என்ன சொல்வாரு?

மறுநாள் என்னைக் கூப்பிட்டாங்க. மேனேஜர் மேஜை மேல என் லெட்டரோட ஜெராக்ஸ். கோடு போட்ட அந்தக் கடைசி வரியும் அதுல இருந்துச்சு. அவர் திட்டல, சத்தம் போடல, "உன் கையெழுத்து நல்லா இருக்கேப்பா"ன்னாரு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் எனக்கு குடோன்ல பேல், அதாவது பஞ்சுப் பொதி, இறக்கற வேலை, தொடர்ந்து ராத்திரி ஷிப்ட், ஓவர்டைம் கெடையாது. கேன்டீன்ல நான் போய் உக்காந்தா பக்கத்துல இருக்கறவங்க டீயை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுடறாங்க. அவங்க மேல கோவம் இல்ல, என்கூட பேசினா அடுத்தது அவங்கதான்னு பயம்.

எனக்குக் கோவம் அந்த ஜெராக்ஸ் மேலதான். அது உங்க ஆபீசுலேர்ந்துதான் போயிருக்கணும், வேற யார்கிட்டயும் அந்த லெட்டர் கெடையாது. புகார் குடுத்தவன் பேரை மொதலாளிகிட்ட சொல்லக்கூடாது, புகாரை வச்சுத்தான் சோதனைக்கு வந்தோம்னு கூட சொல்லக்கூடாதுன்னு 1987ல தொழிற்சாலைகள் சட்டத்துல 118ஏ-ன்னு தனியா ஒரு பிரிவே சேத்தாங்க. அந்தத் திருத்தம் ஏன் வந்துச்சு? போபால்ல 1984 டிசம்பர்ல யூனியன் கார்பைடு கம்பெனியில விஷவாயு கசிஞ்சு ஒரே ராத்திரியில அத்தனை ஜனம் செத்ததுக்கு அப்புறம் வந்துச்சு. அங்கயும் சொல்லாம இருக்கல, 1981லேயே அந்தக் கம்பெனிக்குள்ள பாஸ்ஜீன்ங்கற விஷவாயு பட்டு ஒரு தொழிலாளி செத்தாரு, 1982ல ராஜ்குமார் கேஸ்வானின்னு ஒரு பத்திரிகைக்காரர் ஊரே அழியப்போகுதுன்னு எழுதினாரு, கேக்க ஆள் இல்ல. சட்டம் மாறிடுச்சு, புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துடுச்சுன்னு யாரும் சொல்ல வேண்டாம். புகார் எங்கேர்ந்து வந்துச்சுங்கறது ரகசியமா இருக்கணும்னு சொல்ற சர்வதேச தொழிலாளர் அமைப்போட 81வது உடன்படிக்கையில நம்ம நாடு 1949லேயே ஏத்துக்கிட்டிருக்கு.

விபத்து நடந்துட்டா மட்டும் எல்லாரும் வர்றீங்க. தாசில்தார் வர்றாரு, டிவிக்காரங்க வர்றாங்க, மாலை வருது, செக் வருது. அப்புறம் "முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கலாமே"ன்னு எங்களைப் பாத்துக் கேக்கறீங்க. சொன்னவன் குடோன்ல பேல் இறக்கிட்டு இருக்கான் ஐயா. அடுத்தவன் அதைப் பாத்துட்டு எப்படிச் சொல்வான்?

கொஞ்சம் சூடா எழுதிட்டேன், மன்னிச்சுக்குங்க. உங்க ஆபீசுல ஆள் பத்தாது, ஒருத்தரே நூத்துக்கணக்கான இடத்தைப் பாக்கணும், அதெல்லாம் புரியுது. நான் கேக்கறதுக்கு ஆளும் வேண்டாம் பணமும் வேண்டாம். புகார் குடுத்தவன் பேரை மில்லுக்குச் சொல்லாதீங்க. லெட்டரைக் காட்டாதீங்க, ஜெராக்ஸ் குடுக்காதீங்க. தொழிலாளிகிட்ட பேசறதுன்னா மேனேஜரை வெளிய நிக்கச் சொல்லிட்டு பேசுங்க.

கம்பியை மறுபடி கட்டிட்டாங்க. தயவு பண்ணி ஒரு தடவை சொல்லாம கொள்ளாம ராத்திரி ரெண்டு மணிக்கு வாங்க, ஆபீஸ் ரூமுக்குப் போகாம நேரா கார்டிங்குக்குள்ள வாங்க. அண்ணனுக்கு இந்த மாசம் பூரா ராத்திரி ஷிப்ட்தான்.

இப்படிக்கு,
கார்டிங்ல 14 வருஷம் வேலை பாத்த ஒரு தொழிலாளி