ரோம் கட்டுரை: பட்டியல் நீளம், சாப்பாடு ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் 'வார இறுதியில் ரோம்' கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் அந்த அட்டவணைப்படி ஒருவர் நிஜமாகவே சுற்றினால் கால் வீங்கித்தான் ஊர் திரும்புவார். சனிக்கிழமை ஒரே நாளில் கொலோசியம், ஃபோரம், பாந்தியன் என்ற பண்டைய கோயில், ட்ரெவி நீரூற்று, ஸ்பானியப் படிகள் என்று ஓடவிட்டு, மறுநாள் காலை வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு அனுப்புகிறார் கட்டுரையாளர். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அது மூடியிருக்கும். அந்தக் கடைசி ஞாயிறு அனுமதி இலவசம் என்பதால் வரிசை எவ்வளவு நீளும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் வத்திக்கானை அடுத்த பயணத்துக்குத் தள்ளிவையுங்கள் என்றுதான் நான் சொல்வேன், கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும்.

அப்புறம், ஸ்பானியப் படிகளில் உட்கார்ந்து ஜெலாட்டோ ஐஸ்கிரீம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். 2019 முதல் அந்தப் படிகளில் உட்காரவே கூடாது, அபராதம் 400 யூரோ வரை போகும். அந்தப் பணத்தில் மற்ற எல்லாச் சாப்பாட்டுச் செலவும் முடிந்துவிடும்.

சாப்பாடு என்றதும்தான் என் முக்கியமான குறை. அதற்கு மொத்தமே ஒரு வரி: 'பீட்சா, பாஸ்தா சாப்பிட மறக்காதீர்கள்.' அந்த ஊரில் பார்ப்பதையும் சாப்பிடுவதையும் இப்படித் தனித்தனியாகப் பிரிக்க முடியுமா? டெஸ்டாச்சியோ என்ற பகுதியில் சுமார் 35 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று இருக்கிறது, புல் முளைத்துச் சாதாரண மேடாகத்தான் தெரியும், கிட்டே போய்ப் பார்த்தால் அத்தனையும் உடைந்த ஜாடி ஓடு. ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் பண்டைய ரோமுக்கு ஆலிவ் எண்ணெய் வந்த மண் ஜாடிகள் அவை. எண்ணெய் ஊறிப்போன ஜாடியை மறுபடி பயன்படுத்த முடியாது என்று உடைத்து, அடுக்கி அடுக்கியே மலையாக்கியிருக்கிறார்கள். இன்று அதன் அடிவாரத்தைக் குடைந்து உணவகம் நடத்துகிறார்கள், சாப்பிட்டுக்கொண்டே கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுச் சில்லுகளைப் பார்க்கலாம். பக்கத்திலேயே 1975 வரை இயங்கிய பழைய இறைச்சிக்கூடம். அங்கே வேலை பார்த்தவர்களுக்குக் கூலியில் ஒரு பகுதியாகக் குடல், வால் என்று கழித்துப்போட்டதைக் கொடுத்தார்கள், தக்காளியில் மணிக்கணக்கில் வேகும் மாட்டுவால் கறி அப்படி வந்ததுதான். கட்டுரையில் இந்தப் பகுதியின் பெயர்கூட இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சீஸும் மிளகும் மட்டும் போட்ட 'காச்சோ எ பேப்பே' பாஸ்தாவை நம்பிச் சாப்பிடுகிறோம். அதில் சேரும் பெக்கொரினோ ரோமானோ சீஸில் பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பரவாயில்லை என்பவர்கள் சாப்பிடலாம், தெரிந்து சாப்பிடட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பழைய யூதர் குடியிருப்புப் பகுதியில் கூனைப்பூவை (ஆர்ட்டிசோக்) முழுசாக எண்ணெயில் பொரித்துத் தருவார்கள், வெளி இதழ் அப்பளம் மாதிரி நொறுங்கும், உள்ளே வெண்ணெய்ப் பதம். அதைத் தாராளமாகச் சாப்பிடலாம், வசந்த காலத்தில் போனால் இன்னும் நல்லது.

நேரமும் முக்கியம். பல உணவகங்களில் மதியம் மூன்று மணி வாக்கில் அடுப்பை அணைத்தால் இரவு ஏழரைக்குத்தான் மறுபடி பற்றவைப்பார்கள். இது தெரியாமல் ஐந்து மணிக்குப் பசியோடு நிற்பவர்கள்தான் கொலோசியம் எதிரே படம் போட்ட மெனுவைக் காட்டி வாசலிலேயே கூப்பிடும் கடைகளுக்குள் போய் மாட்டுகிறார்கள். அந்த நேரத்துக்கு இருக்கவே இருக்கிறது துண்டு பீட்சா. எவ்வளவு வேண்டும் என்று விரலால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டுத் தருவார்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்கவே வேண்டாம், தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓடுகிறது. மூக்கு போல வளைந்த அந்தக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டு வரும், குனியாமலே குடிக்கலாம்.

கடைசியாக ஒன்று. மழை வந்தால் விடுதியிலேயே இருங்கள் என்கிறார் கட்டுரையாளர். நான் பாந்தியனுக்கு ஓடச் சொல்வேன். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் எழுப்பிய, 43 மீட்டர் அகலக் கான்கிரீட் கூரை அது, உள்ளே இரும்புக் கம்பி கிடையாது, உச்சியில் உள்ள வட்டத் திறப்பில் கண்ணாடியும் கிடையாது. மழை நேராக உள்ளே இறங்கும், லேசாக மேடிட்ட தரையில் வழிந்து ஓட்டைகள் வழியாக வடியும். வெயில் நாளில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது.

அடுத்த இதழில் ஃபுளோரன்ஸ் என்று அறிவித்திருக்கிறீர்கள். உஃபிஸி கலைக்கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அட்டவணை போடுபவரிடம் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி