திருகோணமலைக்கு வரும் தங்கச்சிக்கு

தங்கச்சி,

கம்பஸ் கூட்டத்தோடு வருகிறாய், ஆளுக்குக் கொஞ்சக் காசுதான் இருக்கிறது, மலிவாக எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று கேட்டிருந்தாய். உன் கூட்டாளிமாரும் வாசிக்கட்டும் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரியே எழுதுகிறேன். கடைப் பெயரைக் கேட்காதே, மணியைக் கேள். ஒரே கடையின் ஒரே பணிஸ் பின்னேரம் நாலு மணிக்கு ஒரு சாமான், இரவு எட்டு மணிக்கு வேறு சாமான்.

நைட் மெயில் ரயிலில் வந்தால் விடியப்புறம் இறங்குவீர்கள். பாண் போறணையை விட்டு வெளியே வருகிற நேரம் அது. ஒரு றாத்தல் பாண் வாங்கிக் கையாலேயே பியுங்கள். சூட்டோடு கத்தி வைத்தால் உள்ளே நசிந்து ஒட்டிக்கொள்ளும். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் சம்பலும் பருப்பும் கிடைத்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. பாண் விஷயத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, சொல்லிவிடுகிறேன். கப்பலில் வருகிற கோதுமையை இங்கே சீனக்குடாவில்தான் பிறீமா ஆலை 1980 முதல் அரைத்து ஊரூராக அனுப்புகிறது, ஆகவே கொழும்பில் நீ கடிக்கிற பணிஸிலும் எங்கள் ஊரைத் தாண்டிப் போன மா இருக்கக்கூடும்.

கோணேசர் கோயிலுக்குப் போகிற நாளில் மீனைப் பின்னேரத்துக்குத் தள்ளிவை. கோயில் இருக்கிற கோட்டைக்குள் மான்கள் நிற்கும், கையிலுள்ள பையை மோப்பம் பிடித்துக்கொண்டு கிட்ட வரும், பாவம் என்று பணிஸைக் கொடுத்துவிடாதே, அதுகளுக்குக் கூடாது.

சரி, பின்னேரம். மூன்றரை, நாலு மணிக்கு ரோல்ஸ், கட்லற், பற்றிஸ், மீன் பணிஸ் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறும். உட்கார்ந்தால் கேட்காமலே ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைப்பார்கள். பயப்படாதே, தின்றதற்குத்தான் காசு, ஆனால் தொட்டதைத் திருப்பி வைக்கக் கூடாது. உன் கூட்டத்தில் சைவக்காரர் இருந்தால் எது மரக்கறி என்று கேட்டுவிட்டே எடுக்கச் சொல். என்னைக் கேட்டால் மீன் பணிஸ்தான். நல்லதென்றால் மீனும் உருளைக்கிழங்கும் மிளகோடு மசிந்து, இடையில் ஒரு கறிவேப்பிலை பல்லில் படும். கெட்டதென்றால் முக்கால்வாசி வெறும் மா. இனிப்புக்கு முதலை வடிவக் கிம்புளா பணிஸ் எடு, மேலே அப்பியிருக்கிற சீனி தேத்தண்ணியில் பாதி கரையும்வரை தோய்த்துத் தின். கேக் பக்கம் போகாதே, பார்க்கத்தான் அழகு.

பொழுதுபடக் கடற்கரைப் பக்கம் இறால் வடை. முதலில் சட்டியைப் பார். எண்ணெய் கறுத்து நுரைத்தால் அடுத்த வண்டிக்கு நட. வடையின் மேல் குந்தியிருக்கிற இறால் தலையோடு, கோதோடு மொறுமொறுவென்று நொறுங்க வேண்டும். யாரோ ஒரு பிள்ளையின் கொப்பி ஒற்றையில் சுற்றித் தருவார்கள், சிவப்புப் பேனையில் பிழை போட்ட கணக்கெல்லாம் எண்ணெய் ஊறித் தெரியும். இரவுக்குக் கொத்து. தகரம் அடிக்கிற சத்தம் கேட்கிற பக்கம் போனால் போதும். இடியப்பக் கொத்து கேள், ஒரு பார்சல் உன்னைப் போல இரண்டு பேருக்குத் தாராளம்.

நீங்கள் கட்டிக்கொண்டு வருகிற நூடில்ஸ் பைக்கற்றை மறந்துவிடவில்லை. கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஏழு இருக்கே, அதில் ஊறவைத்தால் அவியாதா என்று உன் கூட்டாளி ஒருவன் கேட்டானாம். அது குளிக்கிற சூடு, தேத்தண்ணிச் சாயம்கூட இறங்காது. அதோடு இராவணன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியது என்று சனம் நம்புகிற இடம், அங்கே போய் இந்தக் கூத்து வேண்டாம். அறையில் கேத்திலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மசாலாத் தூளில் பாதியை மட்டும் போட்டு, பின்னேரம் மிஞ்சின கட்லற்றை அதிலே உடைத்துவிடு. அந்த மீனும் மிளகும் சேர்ந்தால் மிச்சத் தூள் தேவையே இல்லை. பச்சை மிளகாய் ஒன்று கிள்ளிப் போட்டால் இன்னும் நல்லது.

ஒரு பகல் கிண்ணியாவுக்குப் போய் எருமைத் தயிர் சாப்பிடுங்கள். அம்மாவின் காலத்தில் பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடல் கடக்க வேண்டும், 2009இல் 396 மீற்றர் பாலம் திறந்த பிறகு பஸ்ஸிலேயே போய்விடலாம். சட்டியைச் சரித்துக் காட்டச் சொல்லிப் பார், தண்ணீர் விடாமல் நிற்கிறதை வாங்கு. தயிரில் விடுகிற இனிப்புப் பாணி அங்கேயே கிடைக்கும், கரண்டிதான் கிடைக்காது. ஆளுக்கொன்று கொண்டு வாருங்கள்.

அக்கா