கதவைக் கயிறு போட்டுக் கட்டுவதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் வாராவாரம் புதுக் கார்தான் வருகிறது. எங்கள் குன்னூர்ப் பக்கம் மாருதி 800 இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வண்டி தயாரிப்பதை 2014 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள், ஆக இருப்பதிலேயே இளசுக்குக்கூடப் பத்து வயது தாண்டியாயிற்று. எஸ்டேட் ரோட்டில் எதிரே லாரி வந்தால் ஒதுங்கி நிற்க இதைவிட வசதியான வண்டி கிடையாது என்பதால் விற்க மனம் வருவதில்லை. என்னுடையது 1999 மாடல். இஞ்சினில் ஒரு குறையும் இல்லை, தொல்லை எல்லாம் கதவில்தான்.

எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. போன ஐப்பசியில் டிரைவர் பக்கக் கதவில் சாவி சும்மா சுற்ற ஆரம்பித்தது, லாக் விழவில்லை. அப்புறம் கதவைச் சாத்தினாலே பிடிக்காமல் திரும்பி வந்தது. கீழே சமவெளியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். டோர் பேடை (கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அட்டை) கழற்றிக்கூடப் பார்க்காமல் லாக்கை செட்டோடு மாற்றணும், அப்படியே நாலு கதவுக்கும் சென்ட்ரல் லாக் போட்டுவிடலாம் என்றார்கள். வேண்டாம் என்று கதவைக் கயிற்றால் சீட்டோடு கட்டிக்கொண்டு 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தேன். செய்யக்கூடாத வேலை, வீட்டில் வாங்கிய திட்டு நியாயமானதுதான்.

பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணன், எஸ்டேட்டில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பின்னால் பழைய துணியை நுழைத்து இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தார், உள்ளே இருந்த கம்பிக் கிளிப் டக்கென்று தெறித்தது (அதைத் தேடவே கால் மணி நேரம்). டோர் பேடை எடுத்தால் விஷயம் அங்கேயே தெரிந்தது. சாவித் துவாரத்திலிருந்து லாக்குக்குப் போகும் ராடு தனியாகத் தொங்கியது, அதைப் பிடித்திருந்த சின்ன பிளாஸ்டிக் கிளிப் உடைந்துபோயிருந்தது. லாக்கில் இருந்த கிரீஸ் இந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் ஆறின வெல்லப்பாகு மாதிரி இறுகியிருந்தது. எப்போதோ ஸ்பீக்கர் மாட்டியவர் உள்ளே இருந்த பாலிதீன் ஷீட்டைக் கிழித்துவிட்டிருக்கிறார், கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் எல்லாம் அட்டையில்தான் ஊறியிருக்கிறது. கதவின் அடியில் தண்ணீர் வடிய இருக்கும் ஓட்டைகளும் சேறு அடைத்துக் கிடந்தன.

மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் போட்டு லாக்கைக் கழுவி, காயவிட்டு, புது கிரீஸ் வைத்தோம். கிளிப் பழைய இரும்புக் கடையில் 20 ரூபாய். சாவித் துவாரத்தில் மட்டும் எண்ணெய் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து களிம்பாகிவிடும், பென்சில் கரியைப் பொடித்துப் போட்டால் போதும். லாக்கில் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடுவதால் கொஞ்ச நாளில் பழையபடி இறுகிக்கொள்ளும்.

இன்னொன்று, அண்ணன் இதை நாலு தடவை சொன்னார். வேலை முடிந்ததும் கதவைச் சாத்திவிடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவரால் லாக் நாக்கைத் தள்ளி மூடி, வெளி ஹேண்டில், உள் ஹேண்டில், சாவி மூன்றிலும் விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். ராடு சரியாக மாட்டாமல் கதவு மூடிக்கொண்டால் டோர் பேடைக் கழற்றவும் வழியில்லாமல் திண்டாட வேண்டியதுதான்.

பின் கதவு உள்ளிருந்து திறக்கவில்லை என்றால் கதவு ஓரத்தில் இருக்கும் சைல்டு லாக்கை (குழந்தைகள் உள்ளிருந்து திறக்காமல் இருக்க வைத்த சின்ன பட்டன்) முதலில் பாருங்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் அதற்காகப் புது லாக்கே வாங்கிவிட்டார்! ஸ்ப்ரிங் உடைந்திருந்தாலோ நாக்கு தேய்ந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது.

15 வருடம் முடிந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்துத்தான் ஓட்டுகிறோம். புதுக் காருக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிற நீங்கள் எங்களுக்கு மாதத்துக்கு இரண்டு பத்தி கொடுக்கக்கூடாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்